நனைந்தால் பிடிக்கும் பிஸ்கட்

குரெசாரேயில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
கால்யோவின் பழைய சாமான் கடையில்
இரண்டு பிஸ்கட் ஜாயினர்கள் இருந்தன.
ஒன்று புத்தம் புதிது, ஆரஞ்சு நிறம், பாதி விலை.
இன்னொன்றின் கைப்பிடியில்
யாரோ ஒருவரின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம்.

"பேரைக் கேட்டால் தேநீர் போடத் தோன்றுகிறது" என்றேன்.
கால்யோ சிரிக்கவில்லை.
முப்பது வருடமாக எல்லோரும் அதையே சொல்கிறார்கள் போல.

புதியதன் முன்தகட்டை விரலால் தள்ளினேன்.
அசைந்தது.
திருகை இறுக்கிவிட்டுத் தள்ளினேன்.
அப்போதும் அசைந்தது, கொஞ்சம் மரியாதையோடு.
பழையதில், அலகுக்கு இணையாகத் தகடு நிற்கிறதா என்று
இரு முனையிலும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
நின்றது.
மோட்டாரைப் பற்றிக் கேட்கவே இல்லை.
தகடு கோணல் என்றால்
சீக்கிரமாகக் கோணலாகும், அவ்வளவுதான்.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள்.
நிலவறைச் சௌனாவுக்கு வெளியே
ஒரு நீள மேசை வேண்டுமென்று கூட்டத்தில் முடிவானது.
நான் கை தூக்கினேன்.
அதே நொடியில் தூக்கியது
மூன்றாம் மாடி ஹெல்வே பிஹ்லக்.
வெப்பக் கட்டணத் தகராறுக்குப் பிறகு
இரண்டு குளிர்காலமாக
மாடிப்படியில் சுவரைப் பார்த்தபடி கடப்பவர்கள் நாங்கள்.
இறக்கவும் முடியவில்லை, இருவருக்கும்.

அவள் கையேட்டைப் படித்தாள். எனக்கில்லை.
"அலகைப் பார்க்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும்"
என்று காகிதத்திடம் சொன்னாள்.
பிடுங்கினேன்.
இயந்திரத்தை மேசையில் அழுத்தினேன்; அலகு வந்தது.
விட்டேன்; உள்ளே போகவில்லை.
பழைய பசையும் தூளும் அடைத்த தண்டில்
சுருள்வில் முக்கிக்கொண்டு நிற்க,
பற்கள் வெளியே நின்று எங்களைப் பார்த்தன.
பழைய பல்துலக்கி, மெழுகுவத்தித் துண்டு,
அரை மணி நேரம்.
பிறகு அழுத்தினால் வந்தது, விட்டால்
'ளக்' என்று வீட்டுக்குப் போனது.

வெட்டிப் பார்க்க ஒரு சின்னத் துண்டை
இடது கையில் பிடித்தேன்.
ஹெல்வே ஒன்றும் சொல்லவில்லை.
என் முன்னால் ஒரு கிளாம்பை வைத்தாள்,
டமார் என்று.
இரண்டு வருடத்துப் பேச்சு முழுக்க அதில் இருந்தது.
துண்டை இறுக்கினேன். இரண்டு கையும் இயந்திரத்தில்.
காதடைப்பான். கண்ணாடி. முகமூடி.
வேகம் ஏறட்டும் என்று காத்திருந்து, மெல்லத் தள்ளி,
வெளியே எடுத்து, நிற்கும்வரை கீழே வைக்காமல்.

அதன்பின் ஐந்து ஆஷ் பலகைகள்,
எதிரெதிர் விளிம்பில் பென்சில் கோடுகள்,
பீச் மரத்தை அழுத்திச் செய்த
தட்டை வாதுமை போன்ற சில்லுகள்.
தேநீரில் நனைந்த பிஸ்கட் கோப்பையில் விழுந்து கரையும்.
இது பசையில் நனைந்து, வீங்கி,
குடைந்த பிளவைக் கெட்டியாகப் பிடிக்கும்.
பிடிப்பதற்கு முன் சில நிமிடம்
இப்படியும் அப்படியும் இரண்டு மில்லிமீட்டர் நகரவிடும்.
நான் என் பக்கம் தள்ளினேன்.
அவள் அவள் பக்கம் தள்ளினாள்.
கோடுகள் எங்கோ நடுவில் சேர்ந்தன.

மறுநாள் காலை தேய்ப்பு இயந்திரத்தோடு இறங்கினேன்.
அவள் ஏற்கெனவே அங்கே, கம்பளிக் குல்லாயோடு.
"நாளைக்கு" என்றாள். என்னிடம்தான்.
"ஈரம் இறங்கட்டும். இப்போது தேய்த்தால்
ஒவ்வொரு பிஸ்கட்டுக்கு மேலும் குழி விழும்."

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு:
மூன்றாவது பலகையைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன்.
மேல்முகத்தில் இருக்க வேண்டிய தகடு அடிமுகத்தில்.
அரை மில்லிமீட்டர் படி.
தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

வியாழக்கிழமைகளில் சௌனா முடித்து,
முகம் சிவக்க எதிரே உட்காருகிறாள்.
தேநீர்க் குவளையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்,
இரண்டரை மீட்டர் மேசை.
சரியாக அந்தப் படிமேல்தான் வைக்கிறாள்.
அது ஒரு பக்கம் சாய்கிறது.
அவள் என்னைப் பார்க்கிறாள்.
நான் பிஸ்கட் பொட்டலத்தைத் தள்ளுகிறேன்,
கரைகிற வகை.